அலசிய பாட்டில்

போன மாதம் நிர்மலா போன் செய்தாள். நான் வேலை பார்த்த தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இப்போது அவள்தான் பொறுப்பு. பழைய கோப்புகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். ஏற்றி முடித்ததும் காகிதத்தை எடைக்குப் போட்டுவிடுவார்களாம்.

"அக்கா, ஒரு ஃபைல்ல உங்க கையெழுத்துல ஒரு தாள் இருக்கு. பென்சில்ல எழுதினது. நீங்க ஏதோ தப்பு பண்ணிட்டதா எழுதியிருக்கீங்க. அதையும் ஏத்தணுமா, இல்ல எடுத்துடட்டுமா? உங்க பேர் கெட்டுடக் கூடாதேன்னு கேக்கறேன்."

"நாலு நாள் டைம் குடும்மா, யோசிச்சுச் சொல்றேன்," என்றேன். யோசிக்க எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தாள் எப்படி வந்தது என்று தெரியாமல் நான் ஒரு வார்த்தை சொல்லி, அவள் ஒரு வார்த்தை கேட்டு, அதோடு போய்விடக் கூடாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்தாவதோடு என் படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவு. ஆனால் வேலையில் இருந்தவரைக்கும் ஒரு பாட்டிலில்கூட ஊர்ப் பேரை மாற்றி எழுதியதில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

பிறந்தது முடிச்சூர். நாற்று நட்ட கை. வயலெல்லாம் மனையாகி, நட வயல் இல்லாமல் போனபோது, தெரிந்தவர் ஒருவர் தாம்பரத்தில் இருந்த அந்தக் கூடத்தில் பாட்டில் கழுவும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். இரண்டு வருஷம் கழுவினேன். பிறகு, தண்ணீர் எடுக்கப் போகிற ஆள் சேற்றில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால் என்னை அனுப்பினார்கள். எனக்குச் சேறு புதிதா? அப்படித்தான் நான் கழுவும் தொட்டியை விட்டு வெளியே வந்தேன்.

எங்கள் மேலாளர் ஹெலன் மேடம். கிருமி பற்றிப் பெரிய படிப்புப் படித்தவர். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வந்துவிடுவார். கைப்பையை நாற்காலியில் மாட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, உட்காருவதற்கு முன்பே கிருமி வளர வைக்கும் சூட்டுப் பெட்டியைத் திறந்து முந்தின நாள் வைத்த கண்ணாடிக் குழாய்களைப் பார்ப்பார். "நல்லா செஞ்சீங்க" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "ம், வைங்க" என்றால் சரி என்று அர்த்தம். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைப்பார். கண்ணாடி மேஜைக்கு வந்துவிட்டால் கூடமே அமைதியாகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை இடத்தில் என்னை "நீங்க" என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

ஏரியில் தண்ணீர் எடுப்பதை எல்லாரும் சுலபம் என்று நினைக்கிறார்கள். பாட்டில் முதலிலேயே கொதி ஆவியில் வெந்து, மூடிமேல் பழுப்புத்தாள் கட்டி இருக்கும். தண்ணீர் ஓரத்துக்குப் போகிறவரை தாளைப் பிரிக்கக் கூடாது. மூடியைக் கழற்றினால் கீழே வைக்கக் கூடாது, உள்பக்கம் விரல் படக் கூடாது. பாட்டிலைத் தலைகீழாக முழங்கை ஆழத்துக்கு இறக்கி, உள்ளே போன பிறகு தண்ணீர் வருகிற பக்கம் வாயைத் திருப்பி நிமிர்த்த வேண்டும். அப்போதுதான் நம் கைப்பட்ட தண்ணீர் அதில் நுழையாது. கழுத்து வரை நிரப்பாமல் கட்டை விரல் அளவு காலி விட வேண்டும். பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஈரத்தில் ஓடிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து நேரே கூடத்துக்கு வர வேண்டும். திருநீர்மலைக் குளத்துப் படியில் உட்கார்ந்து இதையெல்லாம் மேடம் என்னை இருபது தடவை செய்ய வைத்தார். சேவிக்க வந்தவர்கள் நாங்கள் ஏதோ பரிகாரம் செய்கிறோம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

தனியாகப் போன முதல் வாரம் பஸ் கிடைக்காமல் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தேன். ஐஸ் கரைந்திருந்தது. மேடம் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு. ஒன்றும் சொல்லாமல் ஐந்து பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்தார்.

"மேடம், நாள் முழுக்க நடந்தேன் மேடம்."

"தெரியுது. ஆனா இது இப்போ ஏரித் தண்ணி இல்ல கன்னியம்மா. வர்ற வழியில உள்ள இருக்கறது ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, வேற தண்ணியா ஆயிடுச்சு. நாளைக்குப் போங்க."

மறுநாள் போனேன். அதற்குப் பிறகு ஒரு பாட்டிலும் வெதுவெதுப்பாக வந்ததில்லை.

கூடத்துக்குள் நடப்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். ஊதா நிறச் சாறு ஊற்றிய கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் உள்ளே கவிழ்த்துப் போட்ட குட்டிக் குழாய். அதில் நம் தண்ணீரை விட்டு இரண்டு நாள் சூட்டில் வைப்பார்கள். குடலில் இருக்கிற கிருமி தண்ணீரில் இருந்தால் ஊதா மஞ்சளாகும், குட்டிக் குழாயில் காற்று சேரும். எத்தனை மஞ்சள் என்று எண்ணினால் தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரியும். படிக்காத நானும் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன்.

பெருவெள்ளம் வந்து போய் இரண்டு மழை கழிந்திருந்தது. தாம்பரத்துக்கு மேற்கே ஒரு ஏரி. பேர் வேண்டாம், அங்கே இருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏரிக்கரைக்குக் கீழே ஒரு தெரு. கரையோரம் ஒரு கிணறு. அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றித் தெருவுக்கு விடுவார்கள். கிணற்றுக்கு ஒரு பக்கம் ஏழு குடிசை, ஏழுமலை என்பவரின் எருமைக் கொட்டகை. இன்னொரு பக்கம் மழைநீர்க் கால்வாய். அது மேலே புதிதாகக் கட்டிய அடுக்கு வீடுகளின் ஓரமாக வந்து ஏரியில் விழும்.

தெருவில் பிள்ளைகளுக்கு வாந்தி, பேதி. ஒரு குழந்தையைக் குரோம்பேட்டை ஆஸ்பத்திரி வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தெரு முழுக்க ஒரே பேச்சு: எருமைச் சாணமும் குடிசைக்காரர்களும்தான் காரணம்.

நான் போன அன்று தொட்டியடியில் கூட்டம். தெருத் தலைவர் தணிகாசலம் முன்னால் நின்றார். அவர் அப்பா வயலில்தான் நான் நாற்று நட்டேன்.

"யாரு, நம்ம கன்னியம்மாவா? இன்னாடி இது, ஆபீசராயிட்டியா?" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பாட்டில்மேல் கட்டியிருந்த தாளைப் பிரித்தேன்.

பத்மா என்று ஒரு பெண். அவள் குழந்தைதான் குரோம்பேட்டையில் இருந்தது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயே, இன்னா பாட்டில் இது? அடியில வெள்ளையா ஒட்டிகினு கீது பாரு. கழுவாத பாட்டில்ல தண்ணி புடிச்சிகினு போய் எங்க தண்ணி அழுக்குன்னு சொல்லப் போறியா?" என்றாள்.

"நாத்து நட்ட கைக்குக் கழுவ எங்க தெரியும் பத்மா, சும்மா இரு," என்றார் தணிகாசலம்.

அது அழுக்கு இல்லை. பாட்டிலை ஆவியில் வைப்பதற்கு முன் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். அது காய்ந்து வெள்ளைப் படலமாக நிற்கும். என் கையாலேயே விட்டதுதான். அலசக் கூடாது என்பதும் தெரியும். ஏன் அலசக் கூடாது என்பது மட்டும் தெரியாது. அந்த நேரம் எனக்கு ரோஷம் வந்தது. இரண்டு வருஷம் பாட்டில் கழுவியே பேர் வாங்கினவளை, அத்தனை பேர் நடுவில், கழுவத் தெரியாதவள் என்கிறார்கள். குழாயைத் திறந்து, எல்லாரும் பார்க்க, பாட்டிலை மூன்று தடவை அலசினேன். கண்ணாடி பளபளவென்று ஆனது. "இப்போ பாரு," என்று பத்மாவிடம் காட்டிவிட்டுத் தண்ணீர் பிடித்தேன். அப்போது தண்ணீரிலிருந்து பிளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று வந்தது. நான் பொருட்படுத்தவில்லை.

குடிசைப் பக்கம் போய் ஏரியிலும் ஒரு பாட்டில் எடுத்தேன். அதை அலசவில்லை. அங்கே யாரும் என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு நாளில் முடிவு வந்தது. தொட்டித் தண்ணீரில் ஒரு குழாய்கூட மஞ்சள் இல்லை. குடிசைப் பக்கத்து ஏரித் தண்ணீர் எல்லாக் குழாயும் மஞ்சள். மேடம் என்னிடம் வழக்கம்போல் கேட்டார்: "எங்க நின்னு எடுத்தீங்க? எப்படி எடுத்தீங்க?"

"எப்பவும் போலத்தான் மேடம்," என்றேன்.

அந்த ஒரு வார்த்தை. இன்னும் அது எனக்கு வலிக்கிறது.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். தொட்டித் தண்ணீர் நல்ல தண்ணீர். நோய் குடிசையிலிருந்தும் எருமைப் பாலிலிருந்தும்தான் வருகிறது. அவர்களை அப்புறப்படுத்த வேண்டும். குடிசைகள் இருந்தது ஏரிப் புறம்போக்கு. காலி செய்யச் சொல்லிக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

இது எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்தேன். பழைய சாமான் கடைகளைத் தாண்டும்போது ஒரு பெண் கயிறு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கோணிப்பை. தெரிந்த முகம். ஏழுமலையின் சம்சாரம் சரசா.

"இன்னா சரசா, இவ்ளோ கயிறு?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சாமான் கட்டத்தான். உன் பாட்டில் வந்துச்சு, எங்க வூடு போவுது. தெரியாத மாரி கேக்கற?"

"நான் இன்னா பண்ணேன்?"

"இன்னா பண்ணியா? நீ வர்றேன்னு தெரிஞ்சி காத்தாலயே டேங்குல பிளீச்சிங் பவுடரை மூட்டையோட கொட்னாங்க. கண்ணு எரிஞ்சிது. அந்தத் தண்ணியப் புடிச்சிகினு போயி நல்ல தண்ணின்னு எழுதிக்கினு வந்துட்டீங்க. எங்க புள்ளைங்களுக்கும்தான் பேதி. எங்களுக்கும் அதே குழாதான். அது யாரும் எழுதல. திங்கக்கெழமை இடிக்கற வண்டி வருதாம். எருமைய எங்க கட்றது, சொல்லு. உன் ஆபீசுல எடம் கீதா?"

 ரயிலில் நின்றுகொண்டே தாம்பரம் வந்தேன். பளபளவென்று ஆன அந்த அடிக் கண்ணாடி கண்ணைவிட்டுப் போகவில்லை. எனக்குக் காரணம் புரியவில்லை. ஆனால் தப்பு எங்கே என்று புரிந்துவிட்டது.

மறுநாள் மேடம் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே போய் நின்றேன்.

"மேடம், அந்தத் தொட்டிப் பாட்டிலை நான் அலசிட்டேன்."

தண்ணீர்க் குழாயை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். மேஜைமேல் வைத்தார்.

"ஏன்?"

"அழுக்குப் பாட்டில்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. ரோஷம் வந்துடுச்சு மேடம்."

சரசா சொன்ன பவுடர், நோட்டீஸ், திங்கட்கிழமை வண்டி எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நேரம் அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த வெள்ளை மருந்து எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும். ஆனா உடனே இல்ல, நேரம் எடுக்கும். குழாய்ல வரும்போது கிருமி உயிரோட இருக்கும், ஜனங்க அதைத்தான் குடிக்கறாங்க. நீங்க பாட்டில்ல புடிச்சு இங்க கொண்டு வர்றதுக்குள்ள அந்தப் பவுடர் பாட்டிலுக்குள்ளேயே எல்லாத்தையும் கொன்னுடும். இங்க பார்த்தா சுத்தமா இருக்கும். அந்த வேலையைப் பாட்டில்லயே நிறுத்தறதுக்குத்தான் இந்த மருந்து."

 எத்தனை ஆயிரம் பாட்டிலுக்கு என் கையால் அந்த மருந்தை விட்டிருக்கிறேன்!

"எழுதிக் குடுங்க," என்றார்.

"எனக்கு எழுத..."

"ஊர்ப் பேர் எழுதறீங்க இல்ல? அதே மாதிரி எழுதுங்க. நான் காத்திருக்கேன்."

பென்சிலை எடுத்தேன். நாலு வரி. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். 'கன்னியம்மா ஆகிய நான் தொட்டி பாட்டிலை அலசி விட்டேன். அதனால் அந்த முடிவு சரி இல்லை. குடிசைக்காரர் மேல் பழி வந்து விட்டது. தப்பு என்னுடையது.' வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்து அதற்குக் கீழே தானும் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் படிக்கவில்லை. என் வேலை போய்விட்டது என்று எழுதியிருப்பார் என்று நினைத்தேன். அவர் ஐஸ் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வாங்க, போகலாம். முடிவு வர ரெண்டு நாளாகும். திங்கக்கிழமைக்குள்ள வேணும்."

போகிற வழியிலேயே நோட்டீஸ் கொடுத்த அலுவலகத்துக்குப் போன் செய்து, பழைய அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம், வண்டியை நிறுத்தி வையுங்கள் என்றார்.

தொட்டியடியில் அதே ஆட்கள். மேடம் ஒதுங்கி நின்றுகொண்டார். நான்தான் பேச வேண்டும் என்று அர்த்தம்.

"போன தடவ நான் பாட்டிலை அலசினது தப்பு. அடியில இருந்தது அழுக்கு இல்ல, மருந்து. அதை நான் கழுவி விட்டுட்டேன். உங்க தண்ணி நல்ல தண்ணின்னு வந்தது பொய்."

"இன்னா கன்னியம்மா, ஆபீசு முத்திரை போட்டுக் குடுத்துட்டு இப்போ பொய்யின்றியே," என்று தணிகாசலம் கத்தினார். "நாங்க அந்தக் காயிதத்த நம்பித்தான மனு போட்டோம்?"

பத்மா குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். "நான் சொன்னதாலயா அலசின?" என்று மெல்லக் கேட்டாள்.

"என் ரோஷத்தால," என்றேன்.

அன்று பாட்டிலை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன். அடியில் வெள்ளைப் படலம். குழாய் வாயைப் பஞ்சு கொளுத்திச் சுட்டு, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அலசாமல் பிடித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. கிணற்றில் ஒரு பாட்டில். குடிசைப் பக்கம் ஏரியில் ஒன்று. கால்வாய் ஏரியில் விழுகிற இடத்தில் ஒன்று. அடுக்கு வீடுகளுக்குக் கீழே கால்வாயில் ஒன்று, மேலே ஒன்று. சரசா எங்கள் பின்னாலேயே வந்தாள்.

"மேடம், எங்க எருமையா, மனுஷனான்னு உங்க குழா சொல்லுமா?"

"சொல்லாது. எருமைக் குடல்லயும் அது உண்டு, மனுஷக் குடல்லயும் உண்டு. எந்த இடத்துல கூடுதுன்னுதான் பார்க்கணும்."

திங்கட்கிழமை காலை சூட்டுப் பெட்டியை மேடம் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர், கிணறு, எல்லாம் மஞ்சள். குடிசைப் பக்கமும் மஞ்சள்தான். எருமைக் கொட்டகையும் சும்மா இல்லை. ஆனால் அடுக்கு வீடுகளுக்கு மேலே எடுத்த தண்ணீரில் இரண்டே குழாய் மஞ்சள். கீழே எடுத்ததை நல்ல தண்ணீரில் நூறில் ஒரு பங்காகக் கலக்கி விட்டும் எல்லாம் மஞ்சள்.

அன்றே போனோம். அந்த அடுக்கு வீட்டுச் சங்கத்தின் செயலாளர் ரகுநாதன் எங்களைச் சோபாவில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார். "மேடம், இங்க எல்லாரும் எஜுகேட்டட் ஃபேமிலீஸ். எங்களுக்குத் தனி செப்டிக் டேங்க் இருக்கு. சான்ஸே இல்ல."

வாசலில் நின்ற சரசா, "படிச்சவங்க வூட்டுது மட்டும் பன்னீரா சார்?" என்றாள்.

மேடம் பையிலிருந்து ஒரு பொட்டலம் பச்சைச் சாயத்தை எடுத்து, "உங்க பாத்ரூம்ல இதைக் கரைச்சு ஊத்தலாமா?" என்று கேட்டார். அவர் சம்மதித்தார். அதை நான் மறக்கவில்லை. முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். நாங்கள் கால்வாய் ஓரம் போய் நின்றோம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதலில் தண்ணீரில் ஒரு கோடு பச்சை. பிறகு கால்வாய் முழுக்க இலைப் பச்சை. அது அப்படியே கிணற்றை ஒட்டி நகர்ந்து ஏரிக்குள் போனது. அந்தத் தண்ணீர்தான் கிணற்றுக்குள்ளும் ஊறிக்கொண்டிருந்தது.

ரகுநாதன் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "வெள்ளத்தப்போ டேங்க் பொங்கி கிரவுண்ட் ஃப்ளோர் ஹால்ல வந்துடுச்சு மேடம். என் வொய்ஃப் பெட் பேஷண்ட். பிளம்பர் ஒரு பைப் போட்டு விட்டான். அப்புறம் பொங்கவே இல்ல. எங்க போகுதுன்னு நாங்க கேக்கவே இல்ல." அவர் கண்ணில் நீர் வந்தது. அவர்கள் வீட்டில் கேன் தண்ணீர். கிணற்றை அவர்கள் பார்த்ததே இல்லை.

புது அறிக்கை அன்றே போனது. நோட்டீஸை நிறுத்தினார்கள். கால்வாயில் விட்ட அந்த பைப்பை அடைத்தார்கள். கிணற்றை மூடி வேறு தண்ணீர் விட்டார்கள். ஏழுமலை எருக்குழியைக் கரையிலிருந்து தள்ளி வைத்தார். மேடம்தான் போய்ச் சொன்னார். குடிசைகளுக்கு இன்றைக்கும் பட்டா இல்லை. ஆனால் அங்கேதான் இருக்கின்றன. சரசா வாங்கிய கயிற்றில் எருமை கட்டிக் கிடப்பதை நான் பார்த்தேன்.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு நிர்மலாவுக்குப் போன் செய்தேன்.

"அந்தத் தாள்ல எனக்குக் கீழ மேடம் இன்னா எழுதியிருக்காங்க? நான் இதுவரைக்கும் படிச்சதில்ல."

அவள் படித்தாள். "'மருந்து எதற்கு என்று இவருக்கு நான் ஒரு நாளும் சொல்லவில்லை. தப்பில் பாதி என்னுடையது. ஹெலன்.' அவ்வளவுதான் அக்கா."

மேடம் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. எழுதி வைத்திருந்த தாள்களைத் திருப்பி, மேடம் ஐஸ் பெட்டியைக் கையில் கொடுத்த இடத்தைத் தேடினேன்.

"அக்கா? இருக்கீங்களா? எடுத்துடட்டுமா?"

"எடுக்காத. கம்ப்யூட்டர்ல ஏத்து. ஏத்தினதுக்கு அப்புறம் தாளை எடைக்குப் போடாத, நான் வந்து வாங்கிக்கறேன்."